கூட்டல் நான்கு

விதிமுறையின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது:
கருவி ஓர் உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும்.
யாருடைய உள்ளங்கை என்று போடவில்லை.
கோக் ஹெங் தன் கையை நீட்டினான்,
ரஸ்லான் தன் கையை.
என்னுடையதுதான் சிறியது என்று
தாளில் வைத்து வரைந்துகொண்டார்கள்.

பரிசு இரண்டு லட்சம் ரிங்கிட்.
மூன்றால் வகுத்தால் மிச்சம் விழுமே என்று
ரஸ்லான் மட்டும் கவலைப்பட்டான்.

பாயான் லெப்பாசில் இரவு ஷிஃப்ட் முடிந்தால்
வீட்டு பஸ்ஸை விட்டுவிட்டு
சுங்கை நிபோங்கில் கோக் ஹெங்கின் கார் கொட்டகை.
பன்னிரண்டு மணி நேரம் கம்பெனியின் சர்க்யூட்டைப்
பூதக்கண்ணாடியில் பார்த்த அதே கண்ணால்
எங்கள் சர்க்யூட்டையும் பார்த்தேன்.
பற்றவைக்கும் புகை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.
இங்கே சுவாசிக்கச் சம்பளம் கிடையாது.

ஊசி இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை.
நகத்தின் மேல் சிவப்பாய் ஒரு வெளிச்சம், பச்சையாய் ஒன்று.
திரும்பி வருவதை எண்ணிப் பார்த்து
உடம்பில் ரத்தம் போதுமா என்று அது சொல்லும்.
சொல்லவேண்டும்.

அளவு வைக்க நோயில்லாத ஆள் ஒருவர் தேவைப்பட்டார்.
கோக் ஹெங்குக்குச் சர்க்கரை.
ரஸ்லான் நகத்தையெல்லாம் கடித்துத் துப்பியிருந்தான்.
ஐந்து வருடமாக ஒரு எம்.சி. கூட எடுக்காதவள் யார்?
இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.
பொய் சொல்வானேன், பெருமையாக இருந்தது.
விரலை வைத்தேன்.

எட்டு.

பன்னிரண்டு காட்ட வேண்டும்.
துடைத்துவிட்டு வைத்தேன். எட்டு.
விளக்கை மாற்றினோம். எட்டு புள்ளி ஒன்று.
கோக் ஹெங் ஹொக்கியனில்
கருவியின் வம்சத்தையே திட்டினான்.
மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின.
அப்புறம்தான் ரஸ்லான் நிரலில் ஒரு வரி சேர்த்தான்:
கூட்டல் நான்கு.

பன்னிரண்டு!
கைதட்டினோம், ஐஸ் போட்டுத் தே ஓ குடித்தோம்.
ரஸ்லானுக்குப் பத்தொன்பது காட்டியது.
தின்கிற ஆட்டிறைச்சி அப்படி, என்றான் கோக் ஹெங்.
சிரித்தோம்.

ஜெலுத்தோங் பிளாட்டில் லிஃப்ட் ஏழாம் மாடியோடு சரி,
எனக்கு ஒன்பது.
படியேறினால் யாருக்குத்தான் மூச்சு வாங்காது?
கைப்பையில் எப்போதும் ஒரு பொட்டலம் பச்சரிசி,
லைனில் நிற்கும்போது வாயில் போட்டு மெல்ல.
அதை யாரிடமும் சொன்னதில்லை.
விண்ணப்பத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

பாயான் பாருவில் குளிரூட்டிய மண்டபம்.
பத்து பேரை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள்,
அவர்களுடைய ஆய்வுக்கூட முடிவுகள் ஒட்டிய உறையில்.
எங்கள் கருவி பத்து பேரையும் நன்றாக இருக்கிறீர்கள் என்றது.
மூன்றாம் நாற்காலியில்
காதோரம் வெளுத்திருந்த பெண்ணையும்.
உறையில் அவளுக்கு ஒன்பது.

முடிவுகளைச் சரிபார்த்த தாதி நூர் அஸ்வானி
பட்டியலில் விரலை ஓட்டினார்.
எல்லாருக்கும் கூடுதல், எல்லாருக்கும் ஒரே நான்கு.
இது பிழை மாதிரி இல்லையே, என்றார்.
யாரை வைத்து அளவு வைத்தீர்கள்?

இந்த முறையும் இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.
ஆனால் வேறு மாதிரி.

அவர் கழுத்து அட்டையை எழுத்துக்கூட்டினார்: அம்-ச-வே-ணி.
பிறகு கட்டைவிரலால்
என் கீழிமையை மெதுவாக இழுத்துப் பார்த்தார்.
இரண்டு வினாடி இருக்கும்.
அந்த விரலுக்கு பேட்டரி கிடையாது.

பரிசு ஜொகூர்க்காரர்களுக்குப் போனது.
கார் நிறுத்துமிடத்தில், பானெட்டின் மேல் மடிக்கணினியை வைத்து
ரஸ்லான் அந்த வரியை அழித்தான்.
விரலை வைத்தேன்.
எட்டு.
வேலை செய்யுது! என்று கத்திவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டான்.
கோக் ஹெங் காரின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

திங்கட்கிழமை எம்.சி. கொடுத்தேன்.
மேற்பார்வையாளருக்கு நம்பிக்கை வரவில்லை.
நீயா? என்ன உனக்கு?
எட்டு, என்றேன்.
அப்படியே எழுதிக்கொண்டார்.