அணைப்பதற்கு முன்

"அணைச்சுட்டு இறங்கு" என்கிறான் தவநேசன்.
தித்தி கெராவாங் ஏற்றம் முடிந்து
ஜாதிக்காய்க் கடையோரம் நிறுத்தியாயிற்று.
நின்றது சக்கரம் மட்டும்தான்.
"ரெண்டு நிமிஷம்."
"எதுக்கு?"

காலையில் பட்டர்வொர்த்திலும் இதே எதுக்கு.
சாவி போட்டதும் மிதித்து உறுமவிடாமல்
ஆயில் மேலே ஏறட்டுமென்று
சும்மா உட்கார்ந்திருந்தேன், கொஞ்ச நேரம்.
அதற்காக அரைமணி நேரம்
நின்ற இடத்திலேயே ஓடவிட்டால் கரிதான் மிச்சம்.
மூச்சு வந்ததும் நகர வேண்டும், மெல்ல.
எழுந்து உட்கார்ந்தவனிடம்
உடனே கணக்குக் கேட்கலாமா?

பாலத்தின் பாதியில்தான்
சூட்டு முள் நடுவுக்கு வந்தது.
அதுவரை நான் யாரையும் முந்தவில்லை.

கடைக்கும் வீட்டுக்குமே ஓடும் டீசல் வண்டிக்கு
நெஞ்சில் கரி கட்டும்.
வாரம் ஒருமுறையாவது
நன்றாகச் சூடேறி, நெடுக ஓட வேண்டும்.
அதற்குத்தான் இந்தச் சனிக்கிழமை.
தவநேசன் இதைச் சுற்றுலா என்கிறான்.

மூன்றரை டன் வீடு இது.
கேஸ் சிலிண்டர், தண்ணீர்த் தொட்டி, குக்கர்,
அவனுடைய பதினொரு தூண்டில்கள்.
பாலிக் புலாவ் தாண்டி மலை தொடங்கியதும்
மேல் கியரில் முக்கவிடாமல்
இரண்டுக்கு இறக்கினேன்.
பின்னால் ஒரு மைவி ஹாரன் அடித்தது.
மைவிக்கு எங்கேயும் அவசரம்.

ஏழாவது வளைவில்
தட்டு அலமாரி திறந்துகொண்டது.
கொக்கி போடச் சொன்னது அவனிடம்.
உடைந்தவற்றை எண்ண முடியவில்லை,
கண் சாலையில் இருந்தது.
"உன் இபிஎஃப் பணம், உன் வண்டி,
நீயே ஓட்டு, நீயே பூட்டு" என்றான்.
நானும் சொன்னேன்.
சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை.

இப்போது அவன் கதவு பாதி திறந்திருக்கிறது,
ஒரு கால் வெளியே.
உள்ளே டர்போ கொதிக்கக் கொதிக்கச் சுழல்கிறது.
இந்தச் சூட்டில் அணைத்தால்
ஆயில் நின்ற இடத்திலேயே நின்று கருகும்,
சட்டியில் அடிப்பிடித்த பாலைப்போல.
சுரண்டினாலும் போகாது.
பள்ளி பஸ் ஓட்டிய காலத்தில்
ஒரு டர்போவைக் கொன்றுதான் கற்றேன்.
நாலாயிரத்து இருநூறு ரிங்கிட்.

கண்ணாடியில் தொங்கும் மணி
நடுங்கிக்கொண்டே இருக்கிறது.
அவன் காலை உள்ளே எடுக்கிறான்.
எழுந்து பின்னால் போகிறான்.
பீங்கான் பொறுக்கும் சத்தம்.
ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

"நீலப்பூ தட்டு தப்பிச்சிருச்சு."

நான் பதில் சொல்லவில்லை.
என்ஜின் குரல் கொஞ்சம் தணிந்திருந்தது,
அல்லது எனக்கு அப்படிக் கேட்டது.
இன்னும் பத்து எண்ணினேன்,
பிறகு சாவியைத் திருப்பினேன்.

அதுவரை கேட்காத அருவி கேட்டது.

"சாறு ஒண்ணா, ரெண்டா?"
"ரெண்டு. ஐஸ் கம்மியா.
இறக்கத்துக்கும் ரெண்டாவது கியர்தான்,
மெதுவாத்தான் போவேன்,
இப்பவே சொல்லிட்டேன்."

பின்னால் கொக்கி விழுந்தது.
இழுத்துப் பார்த்துவிட்டு
இன்னொரு முறை.