நடுவர்

பன்னி சாப்பிடுறீங்களா என்று கேட்டால்
தூத்துக்குடிக்காரன் திடுக்கிடத்தானே செய்வான்.
"குவார்ட்டர் மட்டன்" என்றாள் கல்லாவிலிருந்த கோகி மூட்லி.
குவார்ட்டருக்கும் எங்களூரில் பொருள் வேறு.

வந்தது கால் ரொட்டி.
வயிற்றைக் குடைந்து குழம்பை ஊற்றி
குடைந்ததையே மூடியாக வைத்திருந்தார்கள்.
ஸ்பூன் கேட்டேன்.
கடையே திரும்பிப் பார்த்தது.

பதினாறு வருடமாகக் கப்பலில் சமைக்கிறேன்,
இருபத்திரண்டு பேருக்கு, ஐந்து நாட்டு நாக்குக்கு.
அடுத்தவர் கையால் தின்பது
துறைமுகத்துக்கு ஒரு வேளை.
டர்பனில் அது இது:
முழுசாகக் கிடந்த உருளைக்கிழங்கு,
ஒற்றைக் கறிவேப்பிலை,
தாமதமாக வந்து
காதுக்குப் பின்னால் உட்கார்ந்த காரம்.
அடிரொட்டி ஊறி ஊறி
இனி ரொட்டியுமல்ல குழம்புமல்ல என்றான இடத்தில்
தோளைத் தொட்டார் ஒருவர்.

நீலக் கோட்டு. அதே நீலத்தில் காலுறை.
வெள்ளைக் கையுறை.
வெலாபி குமெடே என்று பெயர் சொன்னார்.
இந்த ஊரா?
இல்லை.
ஸூலு தெரியுமா?
தெரியாது.
மாடியில் பாடப்போகிறவர்களில் யாரையாவது?
யாரையுமே தெரியாதய்யா, நான் கப்பல்காரன்.
"அப்போ நீங்கள்தான் இன்றைக்கு நடுவர்!"
சந்தோஷத்தில் கை நீட்டினார்.
நானும் நீட்டிவிட்டேன்,
எச்சில் கையை.

"சனிக்கிழமைன்னா என் கடையிலதான் ஆள் பிடிப்பாங்க"
என்றாள் கோகி, ஆங்கிலத்தில்.
"போன வாரம் ஒரு பல் டாக்டர்.
பாதியில தூங்கிட்டார்."

மாடியில் டியூப்லைட்.
ஒரு மேசை, பென்சில், கட்டம் போட்ட நோட்டு.
பதினான்கு குழு, விடியும்வரை.
வாத்தியம் என்று எதுவுமில்லை, தொண்டைதான்.
கால்கள் மட்டும்
தரைக்குத் தெரியாமல் நடந்தன.
சுரங்கக் கொட்டடியில் காவல்காரன் விழிக்காதபடி
ஆடிப் பழகிய நடையாம்.
என் பக்கத்தில் ஒரு கிழவி
மடியில் கோட்டுகளை அடுக்கிவைத்துக்கொண்டு
வேர்க்கடலை உரித்தபடி இருந்தாள்.
எனக்கும் தந்தாள், மதிப்பெண் கேட்கவில்லை.

ஒரு சொல்லும் விளங்கவில்லை.
குழம்பை உள்ளங்கையில் சொட்டு விட்டு
நக்கிப் பார்ப்பேனே, அப்படித்தான் கேட்டேன்.
மூன்றாவது குழுவின் கீழ்க்குரல் அடிப்பிடித்துவிட்டது.
ஐந்தில் உப்பு தூக்கல்.
ஏழு நன்றாக இருந்தது;
நன்றாக இருக்கிறோம் என்று அதற்கே தெரிந்திருந்தது.
ஒன்பதில், முன்பாட்டுக்காரன் நடுவில் இருமினான்.
பின்னால் நின்றவர்கள் நிற்கவில்லை, விரையவில்லை,
கல்லைச் சுற்றிப் போகும் தண்ணீர்போல
அந்த இருமலைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.
தொண்ணூற்றொன்று போட்டேன்.
கிழவி எட்டிப் பார்த்து, கடலையை மென்றாள்.

கடைசிக் குழு வெலாபியுடையது.
பத்துப் பேர்.
கப்பல் நங்கூரம் ஏறும்போது
என் அடுப்படித் தட்டுகள் நடுங்குமே,
அந்த ஆழத்தில் ஆரம்பித்தார்கள்.
இருபது கையுறை ஒன்றாக உயர்ந்தது.
ஒன்றில் மட்டும்
மஞ்சளாக ஒரு கறை,
என் பெருவிரல் அளவில்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
நோட்டில் ஒரு கட்டம் இருந்தது:
உடைச் சுத்தம், பத்துக்கு.
பத்து போட்டால் சிநேகிதம்.
எட்டு போட்டால் அது என் கைக்குப் போட்ட எட்டு.
யாரையும் தெரியாதென்று உட்கார்ந்தவனுக்கு
நாலரை மணிக்கு ஒரு மனிதரைத் தெரிந்துவிட்டிருந்தது.

ஒன்பது போட்டேன். கோழைகளின் எண்.
கூட்டிப் பார்த்தபோது தொண்ணூறு.

வார்விக் பக்கம் முதல் டாக்சிகள்
பாட்டை அலறவிட்டு ஆளெடுத்துக்கொண்டிருந்தன.
துறைமுக வாசல்வரை அவரே கொண்டுவந்து விட்டார்.
"கறைக்குத்தானே?"
"குரலுக்கு" என்றேன்.
சிரித்தார். நம்பியதாகத் தெரியவில்லை.
கையுறையைக் கழற்றாமலே கைகொடுத்தார்.

ஆறு மணிக்கு உப்புமா.
கேபின்களில் எல்லோரும் தூக்கம்.
ரவையை எடுக்கப் போனபோது
இரும்புத் தரையில் என் கால்
சத்தமில்லாமல் போவதைக் கவனித்தேன்.
நகக்கண்ணில் மஞ்சள்.
மூன்று தரம் சோப்பு போட்டும் இருக்கிறது.