மூன்றாம் பக்கம்

பக்க வடிவமைப்புக்கு விருதாம்.
முடிவுத் திகதி வெள்ளி, இரவு பன்னிரண்டு.
கட்டணம் இரண்டாயிரத்து ஐந்நூறு.
"வெண்டா காசு தருவாங்களா?" என்றார் ஆசிரியர்.
கேடயம் என்றேன்.
"கேடயத்தக் குடுத்து கடதாசி வாங்கேலாதே."
பிறகு அவரே பர்சைத் திறந்தார்.

படிவம் கேட்கிறது:
வெற்றிடத்தை இவ்வளவு துணிச்சலாக
ஏன் கையாண்டீர்கள்? நூறு சொல்லுக்குள்.

கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால்
தண்ணீர் பாய்ந்த இரவு அது.
மேலே புவிகரனின் செய்தி, பதினொரு வரி.
படம் இல்லை. அவன் அக்கரையில்,
போனில் சார்ஜ் இல்லை.
கீழே முக்கால் பக்கமும்
நடேசானந்தத்தின் கல்யாண மண்டபம்:
குளிரூட்டியது, எழுநூறு கதிரை,
தை மாதத்துக்கு விசேட கழிவு.

பத்தேகாலுக்கு அழைத்தார்.
"ஹஸ்மியா, அந்த விளம்பரத்த எடுங்க மகள்."
பின்னால் பிள்ளைகள் அழுகிற சத்தம்.
யாரோ பாய் கேட்கிறார்கள்,
இன்னும் ரெண்டு பாய்.

எடுத்தேன்.
போட வேறொன்றும் கையில் இல்லை.
அச்சுக்குப் போக இருபது நிமிடம்.

விடியப்புறம் கல்முனைச் சந்தியில்
பாண் சுற்ற நல்ல பக்கம் என்றான் தாசிம்,
மை ஒட்டாதாம்.

நடுவர்கள் கொழும்பில் இருப்பார்கள்.
மௌனம் என்று எழுதினால் பிடிக்கும்.
இழப்பு என்றால் இன்னும் பிடிக்கும்.
இரண்டையும் தட்டினேன், அழித்தேன்.
பதினொன்று ஐம்பத்தாறு.

'மண்டபம் அன்று நிறைந்திருந்தது'
என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டு
பக்கத்தைப் பெருப்பித்துப் பார்க்கிறேன்:
அந்த அவசரத்தில்
பக்க எண்ணையும் சேர்த்தே எடுத்திருக்கிறேன்.