மேற்படி பிரதிவாதி

காலை நடை முடித்து
பள்ளிப் பேருந்தைத் தேவாலயத்தின் பின்னே நிறுத்திவிட்டு
வெர்னா மெஸ்ஸர் கோர்ட்டுக்குப் போகிறாள்.
மாலை நடைக்கு இன்னும் ஐந்து மணி நேரம்.
ஆவண அறை நிலத்தடியில், ஜன்னல் இல்லை.
கெண்டக்கி மலைப் பனி அவள் பூட்ஸிலிருந்து இறங்கி
சிமெண்ட் தரையில் குட்டை கட்டுகிறது.

தேடுவது இரண்டு பேரை.
ஓடைக்கு இக்கரையில் சேடாக் மெஸ்ஸர்,
அக்கரையில் ஹைரம் மெஸ்ஸர்.
கூடப்பிறந்தவர்களா,
பெயர் மட்டும் ஒத்துப்போனவர்களா?

ஆயிரத்து எண்ணூற்றுப் பத்தின் குடிக்கணக்கில்
வீட்டுத் தலைவனுக்கு மட்டும்தான் பெயர்.
மற்றவர்கள் எண்ணிக்கை:
பத்து வயதுக்குட்பட்ட ஆண், மூன்று.
நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண், ஒன்று.
சுவரில் கிழித்த பால்கணக்குபோல
ஒரு தாய்.
எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு வந்தவளோ.

வரிப் பட்டியலில் இருவரும் அடுத்தடுத்த வரி.
சேடாக்: குதிரை இரண்டு. ஹைரம்: ஒன்று.
மறு ஆண்டு
சேடாக்: ஒன்று. ஹைரம்: இரண்டு.
ஓடையில் இறங்கி அந்தக் குதிரை
அக்கரை ஏறுவதை
இருநூறு ஆண்டு தள்ளி ஒருத்தி பார்த்துவிட்டு
தனியாகச் சிரிக்கிறாள்.

கெசியா என்றொருத்தியின் திருமணத்துக்கு
ஐம்பது பவுண்டுக்குப் பிணை நின்றவன் சேடாக்.
தங்கச்சி இல்லையென்றால் எவன் நிற்பான், என்கிறாள்.
சித்தப்பனாக இருக்கலாம், என்கிறார்
தலை நிமிராத எழுத்தர் டுவைட்.
மாப்பிள்ளைக்குக் கடன் கொடுத்தவனாகவும் இருக்கலாம்.

அவள் பென்சிலில்தான் எழுதுகிறாள்.
ஒவ்வொரு வரியின் கடைசியிலும்
ஒரு கேள்விக்குறி குந்தியிருக்கிறது.

பிப்ரவரியில், பெயர் ஒட்டாத ஒரு பெட்டியில்
நாடா கட்டிய வழக்குக் கட்டு.
வாதி சேடாக். வேலி தாண்டிய பன்றி ஒன்று.
இரண்டாம் பக்கம், ஏழாம் வரி:
‘என் சகோதரன் ஹைரம்.’
அதன்மேல் ஒரு கோடு.
கோட்டுக்கு மேலே நெருக்கி எழுதியிருந்தது:
‘மேற்படி பிரதிவாதி.’

இதைத் தமிழில் எழுதும் எனக்குத்தான் சங்கடம்.
அவர்கள் சொல்லில் மூத்தவனும் இல்லை, இளையவனும் இல்லை.
அண்ணன் என்று நான் எழுதினால்
ஒருவனை அவசரப்பட்டு முன்னால் பிறக்கவைப்பேன்.
பங்காளி என்றால் சரியாக இருக்கும்:
பன்றியும் வேலியும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

பாப்டிஸ்ட் சபையில் எல்லாரும் சகோதரர்கள்தான்,
டுவைட் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி சொல்கிறார்.
என்னைக்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்,
நான் காணிக்கைத் தட்டைக் கண்டதும்
வாசலுக்குப் போகிறவன்.

வெர்னா பதில் சொல்லவில்லை.
காகிதத்தை விளக்குக்கு நேரே பிடிக்கிறாள்.
எழுத்தரின் மை மெலிந்தது, சாய்ந்தது.
கோடு அப்படி இல்லை.
பேனாவை ஏர்க்காலைப்போல அழுத்தி இழுத்ததில்
தாள் கிழிந்திருக்கிறது.
அதே தடிமன், அதே மைத்திட்டு
கடைசிப் பக்கத்தில், கையெழுத்து தெரியாத சேடாக்
பெயருக்குப் பதிலாகப் போட்ட பெருக்கல் குறியில்.

அப்படியென்றால்
வாசித்துக் காட்டும்போது நிறுத்தச் சொல்லியிருக்கிறான்.
எங்கே அந்த வார்த்தை என்று கேட்டிருக்கிறான்.
எழுத்தர் விரல் வைத்துக் காட்ட,
படிக்கத் தெரியாத ஒன்றைத்
தன் கையாலேயே அடித்திருக்கிறான்.

சபைச் சகோதரனுக்கு
இவ்வளவு மை எதற்கு?

ரப்பரை எடுக்கிறாள். வைக்கிறாள்.
மணி இரண்டாகப் போகிறது,
பேருந்தின் கண்ணாடியில் பனி உறைந்திருக்கும், சுரண்ட வேண்டும்.
கோட்டை மாட்டியபடியே
வழக்குக்கு அடுத்த ஆண்டின் வரிப் பட்டியலை
நின்றவாக்கில் புரட்டுகிறாள்.

ஹைரம் மெஸ்ஸர் இருந்த வரியில்
வேறு யாரோ, வேறு ஓடை.
மேலே, பழைய இடத்தில்,
சேடாக்: குதிரை இரண்டு.