தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச்சந்து

ஆறாவது முறையாகக் கூப்பிடுகிறான் மாதேஷ்.
"அக்கா, தண்ணி டேங்க் தெரியுது.
மூணு தெரியுது. எந்த டேங்க்?"
பாகலூர் சாலையில் வண்டியை ஓரங்கட்டி நிற்கிறான்.
பின்னால் கட்டிய தெர்மாகோல் பெட்டிக்குள்
உலர்பனிக்கட்டி புகைந்து புகைந்து இளைக்கிறது.
அதன் நடுவே நான்கு கிராம் கொழுப்பு.
ஜெர்மனியிலிருந்து வழிதவறாமல் வந்தது
ஓசூரில் தவறுகிறது.

பழைய கோழித்தீவனக் கிடங்கைத் தாண்டி வா என்கிறேன்.
பச்சை கேட்.
நாய் குரைக்கும், கடிக்காது.

என் பிழைப்பும் இதுதான் என்று
அவனிடம் சொல்லவில்லை.
அந்தக் கொழுப்பைக் கரைத்துக் குமிழாக்கி,
குமிழுக்குள் மருந்தை அடைத்து,
மேலே ஒரு விலாசம் ஒட்டி,
எலியின் வால் நரம்பில் விடுகிறேன்.
போ.
வலது விலாவுக்குக் கீழே, பட்டாணி அளவில் ஒரு கட்டி.
வேறெங்கும் இறங்காதே.

இறங்குகிறது.
இருட்டறையில் கேமராவின் முன் எலியைக் கிடத்தினால்
ஈரல் தேர்த்திருவிழா மாதிரி எரிகிறது.
மண்ணீரலில் அதன் மிச்சம்.
பட்டாணி இருக்குமிடத்தில் மின்வெட்டு.
நூறு அனுப்பினால் ஒன்று சேர்வதே பெரிது.
"ஒன்று சேர்ந்ததா? அப்போ கட்டுரை எழுதலாமே"
என்கிறார் கோதண்டராமன் சார்,
டீயை ஆற்றிக்கொண்டே.

பச்சியம்மாள் எனக்கு உறவில்லை.
காவேரிப்பட்டணத்து மாங்கூழ் ஆலையில் கொட்டை பிரிப்பவள்.
மருந்து செய்கிற பொண்ணு என்று யாரோ சொல்லி
என் எண்ணை வாங்கியிருக்கிறாள்.
ஞாயிறுதோறும் பேசுவாள்.
ஏற்றிய மருந்து முடியைப் பிடுங்கிற்று,
நகத்தைக் கறுக்க வைத்தது,
சோறு நெருப்பாய் இறங்குகிறது.
"நோவு மார்ல இருக்குது பாப்பா.
நகம் என்ன பண்ணுச்சு அதுக்கு?"

வேகமாய் வளர்வது எதுவோ அதை அடிக்கிற மருந்து.
நகம் வளர்கிறது, முடி வளர்கிறது,
செய்த தப்பு அவ்வளவுதான்.
சொன்னேன்.
அந்தப் பக்கம் பெல்ட் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு,
"சரி, உன்னுது எப்ப வரும்?"

எலிக்கே இன்னும் வரவில்லை என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.
"லோடு வந்துடுச்சு, வச்சிடறேன்" என்று
அவளே காப்பாற்றினாள் என்னை.

புதன்கிழமை மாதேஷ் மறுபடி வந்தான்.
கூப்பிடவில்லை.
"யாரு பேக்கு?" என்று வாட்ச்மேன் கேட்டு முடிக்குமுன்
நாய் வாலை ஆட்டிக்கொண்டு போய்
அவன் செருப்பை முகர்ந்தது.

உடம்பு அப்படியில்லை.
முதல் ஊசியில் ஏமாந்த ரத்தம்
இரண்டாம் ஊசியில் குமிழை அடையாளம் கண்டு
முன்னைவிட வேகமாய் மடக்குகிறது.
தெரிந்த முகத்துக்குத்தான் அங்கே அடி.
ஆகவே ஒவ்வொரு முறையும்
அவனுக்கு நான்
புதுச் சட்டை தைக்க வேண்டியிருக்கிறது.
மாதேஷுக்கு அல்ல, குமிழுக்கு.

இருபத்துமூன்றாம் தொகுதி. எலி எண் பதினான்கு.
ஈரல் எரிந்தது, வழக்கம்போல.
விலாவுக்குக் கீழே
ஒரு மங்கல்.
லென்ஸைத் துடைத்தேன்.
துடைத்த பிறகும் இருந்தது.
சார் வந்து குனிந்து பார்த்து
"மூத்திரமாயிருக்கும்" என்றார்.
இருக்கலாம். போன மாதம் அப்படித்தான் இருந்தது.
ஈரப் பஞ்சால் எலியை ஒற்றி எடுத்து
மறுபடி கிடத்தினேன்.
அதன் மூச்சு என் கட்டைவிரலில் இடித்தது.

கதவைச் சாத்தியாயிற்று.
கேமரா எண்ணத் தொடங்குகிறது,
அறுபது, ஐம்பத்தொன்பது.
மேசையில் போன் அதிர்கிறது. பச்சியம்மாள்.

இன்று ஞாயிறு இல்லை.