அரை மாத்திரை

கம்பினாஸ் நகருக்கு வெளியே, கரும்புக் காட்டோரம்,
எலெக்ட்ரான்கள் வளையம் சுற்றும் வெள்ளைக் கூரையின் கீழ்
இரவு மணி இரண்டு நாற்பது.
ஜுரேமா சீஸ் உருண்டையைப் பாதி கடித்து
மீதியை விசைப்பலகை ஓரம் வைத்திருக்கிறாள்.
கொடுத்த நேரத்தில் பதினொரு மணி பாக்கி.
நேற்று மாலை இடி ஆறு மணி நேரத்தைத் தின்றது:
மின்சாரம் ஒரு தடவை கண் சிமிட்டியது, அவ்வளவுதான்,
ஒளி அணைந்துபோயிற்று.

ஈயக் கதவுக்கு அப்பால்
மிளகில் பாதியளவு ஒரு கறுப்புப் படிகம்.
அதை உலையில் வளர்க்க ஜெனிவாலுக்கு மூன்று மாதம் ஆனது.
முதல் இரண்டும் வெடித்தன.
மூன்றாவதை வெண்ணெய்த் தாளில் மடித்துச்
சட்டைப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தான்,
வழிநெடுக நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு.

திசைகாட்டியை அதன் பக்கத்தில் நீட்டிப் பாருங்கள்.
ஊசி அசையாது.
காந்தமே இல்லை என்று சத்தியம் செய்யும்.
உள்ளேயோ ஓர் அடுக்கு வடக்கு என்றால்
அடுத்த அடுக்கு தெற்கு என்கிறது,
அதற்கடுத்தது மறுபடி வடக்கு.
கூட்டிக் கழித்தால் சுழி.
வீடு முழுக்க வாக்குவாதம்,
தெருவில் நின்றவனுக்கு நிசப்தம்.

எக்ஸ்ரே காந்தத்தை லேசில் மதிக்காது.
மின்னூட்டத்தில் மோதித் தெறித்துப் போய்விடும்;
பத்து லட்சத்தில் ஒன்று திரும்பிப் பார்த்தால் உண்டு.
ஆனால் இரிடியம் எந்த ஆற்றலில் சிலிர்க்கிறதோ
அங்கே கொண்டுபோய் ஒளியை நிறுத்தினால்
பெயர் சொல்லி அழைத்ததுபோல் அணு தலைதூக்கும்.
கிடையாக அதிர்ந்து போன ஒளியைச்
செங்குத்தாகத் திருப்பி அனுப்பும்.

அணுக்களின் தாளம் அடுக்குக்கு ஒருமுறை.
வடக்கும் தெற்கும் முடிந்து மீண்டும் வடக்கு வர
அடுக்கு இரண்டு வேண்டும்.
ஆகவே முழு எண்களுக்கு நடுவே,
ஒன்றுமே இருக்கக் கூடாத இடத்தில்,
ஐந்தரையில்,
திரையில் ஒரு சின்ன மேடு.
நொடிக்கு முப்பத்தேழு.

ஜுரேமா கத்தவில்லை.
நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தாள்.
ஏனென்றால் பிரதான ஒளியோடு ஒட்டிக்கொண்டு
பாதி அலைநீளத்தில் ஒரு திருட்டு ஒளியும் வரும்.
திரும்பியதை மட்டும் விடவேண்டிய வடிகட்டியும் கொஞ்சம் கசியும்.
அந்தத் திருடன் கால் வைப்பதும்
இதே ஐந்தரையில்தான்.

மெய்க்கு மாத்திரை அரை என்கிறது இலக்கணம்.
பொய்க்கும் அதே அரைதான் என்று
சொல்லாமல் விட்டுவிட்டது.

போனில் ஜெனிவாலை எழுப்பினாள்.
"சூடாக்கப் போகிறேன்."
"இப்போதுதானே கிடைத்தது?"
"அதனால்தான்."

திருட்டு ஒளிக்குச் சூடு உறைக்காது.
எண்பது கெல்வினில் முப்பத்து மூன்று.
நூறில் இருபத்திரண்டு.
நூற்றுப் பத்தில் ஒன்பது.
பிறகு எண்ணவே பயந்ததுபோல்
இரண்டிரண்டு டிகிரியாக ஏற்றினாள்.
நூற்றுப் பதினான்கில்
மேடு இருந்த இடம் மொட்டைத் தரை.

"என்ன ஆச்சு?" இருமலோடு கேட்டான்.
"போயிடுச்சு. சுத்தமாப் போயிடுச்சு."
மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு.
"அப்படின்னா, இருக்கு."

ஹீலியம் மறுபடி ஓடத் தொடங்கியது,
ஆஸ்துமாக்காரன் மாடி ஏறுவதுபோல்.
வெளியே புல்வெளியில் ஒரு பறவை அலறியது.
இங்கே அதற்குக் கெரோ-கெரோ என்று பெயர்,
வேண்டும் வேண்டும் என்று அர்த்தமாம்.
தமிழில் அதன் பங்காளி ஆள்காட்டி:
இருட்டில் யாரோ இருப்பதை
ஊருக்கே சொல்லிவிடும் குருவி.

விடியும்போது ஐந்தரை திரும்பி வந்தது.
முப்பத்தேழு அல்ல, முப்பத்தொன்று.
அழிந்து மீண்டும் அடுக்கியபோது
சிலர் வேறு பக்கம் பார்த்து நின்றிருக்கலாம்.
அல்லது படிகம் ஒரு மயிரிழை நகர்ந்திருக்கலாம்.
குறிப்பேட்டில் எழுதினாள்:
"ஆறு எங்கே?"
ஆறிப்போன பாதி உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு
கோணத்தைக் கொஞ்சமாகத் திருகினாள்.