எண்ணெய் விளக்கு

மூக்குப்பேணி போல ஒரு சின்னம்,
மூக்கில் ஒரு சொட்டு, சிவப்பில்.
இசர்லோன் ஏற்றத்தில் எரிந்ததாம்.
ஓரம் கட்டி, பத்து நிமிடம் பொறுத்து,
திறப்பைத் திருப்பினால் இல்லையாம்.
"வயர் ஏதும் லூசாக இருக்கும்" என்கிறாள் ஃபிலிஸ்.
நானும் அதைத்தான் விரும்பினேன்.
சென்சர் என்றால் பதினெட்டு யூரோ,
ஒரு தேத்தண்ணி நேரம்.

ஹாகனில் பாலத்தடிக் கராஜ்,
மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த லிஃப்ட்.
மேலே லொறி போகும்போதெல்லாம்
பெட்டிக்குள் சாவிகள் நடுங்கும்.

அளவுக்கம்பியை இழுத்தேன். எண்ணெய் இருக்கிறது,
மேல் கோட்டுக்கு ஒரு நெல் கீழே.
முகர்ந்தேன், பெட்ரோல் நாற்றமில்லை.
விரலிடையில் உருட்டினேன், நீர்த்துப் போகவில்லை.
ஃபில்டர் புதிது. மாசியில் நானே போட்டது.

சென்சரைக் கழற்றி, அந்த ஓட்டையில்
அளவுமானியின் குழாயை முறுக்கினேன்.
ஃபிலிஸ் எட்டிப் பார்த்தாள்,
வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குப்
பிரஷர் பார்க்கிறவள்.
"எந்தக் கையில் கட்டுவாய்?" என்றாள்.

சும்மா ஓடும்போது ஒன்றரை பார்.
குறையில்லை.
தேய்ந்த பேரிங் என்றால் இங்கேயே காட்டியிருக்கும்,
சூட்டில், சோம்பலில், அடிவயிற்றில் ஒரு தட்டலோடு.
ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னேன்.
மூவாயிரம்.
ஏற வேண்டிய முள் இறங்கியது.
ஒன்று. முக்கால். அரை.
"நிப்பாட்டு, நிப்பாட்டு!"

கேட்கக் கேட்கக் குறைகிறது என்றால்
கொடுப்பவனிடம் இல்லாமலில்லை,
வழியில் யாரோ பிடித்து வைத்திருக்கிறான்.

பதினாறு போல்ட்.
அடித்தட்டை இறக்கினேன்.
உறிஞ்சுகுழாயின் வாயில் சல்லடை,
சல்லடையில், நண்டுக்காலில் சுற்றிய பாசி போல,
செம்மஞ்சள் இழைகள்.
கறுப்புச் சேறு இல்லை. இரும்புத்தூள் இல்லை.
சிலிகோன்.
இந்த நிறத்தை இந்த ஊரில்
யார் வாங்குகிறார்கள் என்று
தெரியாதவன் போலக் கொஞ்ச நேரம் நின்றேன்.

மாசியில் ஒரு கசிவு. இதே தட்டை இறக்கி ஒட்டினேன்.
இரண்டு மில்லிமீட்டர் போதும் என்று
டியூப்பிலேயே எழுதியிருக்கிறது.
திரும்பக் கசிந்தால் என்ன சொல்வாளோ என்று
பிறந்தநாள் கேக்கில் பெயர் எழுதுகிறவனைப் போல்
தாராளமாகப் பிதுக்கினேன்.
வெளியே வழிந்ததைத் துடைத்தேன்.
உள்ளே வழிந்தது
அதன் பாட்டுக்குக் காய்ந்து, கழன்று, எட்டு மாதம்
எண்ணெயோடு சுற்றித் திரிந்திருக்கிறது.

வாசலில் அவளுடைய வெள்ளைச் சப்பாத்து
தாளம் போட்டது.
மூன்று மணிக்கு யாருக்கோ இன்சுலின்.
"சென்சர்தானே?"

ஓம் என்றால் முடிந்தது.
ஜெர்மனிலும் அது இரண்டெழுத்துத்தான்.

சல்லடையை ஏந்திக்கொண்டு போனேன்,
எண்ணெய் முழங்கை வரை வழிய.
"இது நான் செய்தது."
அவள் ஓர் இழையை நகத்தால் கிள்ளி
இழுத்துப் பார்த்தாள். அறவில்லை.
"நல்லாத்தான் ஒட்டியிருக்கிறாய்" என்றாள்.
"எவ்வளவு நேரம்?"

ஓர் இரவு காய வேண்டும்.
என் காரின் திறப்பை நீட்டினேன்.
"அதிலும் ஏதும் லைட் எரியுமா?"
எரியும், என்றேன்.
அது வேறு. அது பின்கதவு.